முதலில் ஆடம்ஸ், பிறகு பிரெஸ்ஸோன்

ஒளிப்படம் கற்க வருகிற மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் பொருளைப் பற்றியதாகவே இருக்கிறது. எந்தக் கேமரா வாங்கலாம், எந்த லென்ஸ் வாங்கலாம் என்பார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கேமராவோடு வந்த கிட் லென்ஸைக் கழற்றி வை, ஜூம் இல்லாத ஒரு 50 எம்.எம். பிரைம் லென்ஸ் வாங்கு, தெருவில் இறங்கு, கணத்தைப் பிடி. இந்த அறிவுரைக்குப் பின்னால் நிற்பவர் பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோன். அவர் பெயரைக் கேள்விப்படாத மாணவரைக்கூட அவர் நடந்த பாதையில்தான் அனுப்பி வைக்கிறோம்.

இந்த அறிவுரையில் பொய் எதுவும் இல்லை. வரிசைதான் தவறு. பிரெஸ்ஸோனுக்கு ஆறு வயது மூத்தவர் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ். கருவி, பொருள், வேகம் எல்லாவற்றிலும் அவருக்கு எதிர்த் திசையில் நின்றவர். இருவரையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, புதிதாகக் கேமராவைத் தொடுகிறவர் யாரிடம் முதலில் போக வேண்டும் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. முதலில் ஆடம்ஸிடம் போக வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

ஆடம்ஸ் 1902இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தார். 1916இல் குடும்பத்தோடு யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குப் போனபோது, கையில் ஒரு கோடாக் பாக்ஸ் பிரவுனி இருந்தது. ஒளிப்படம் பிடித்துப் போனாலும், பியானோக் கலைஞராக வேண்டும் என்றுதான் இருபதுகளின் இறுதிவரை நாள்தோறும் சாதகம் செய்துகொண்டிருந்தார். பிரெஸ்ஸோன் 1908இல் பாரிஸுக்கு அருகே ஒரு வசதியான குடும்பத்தில் பிறந்தார். அவருக்கு ஓவியராக ஆசை. 1927 வாக்கில் ஆந்த்ரே லோத் என்ற ஓவியரின் பட்டறையில் சேர்ந்தார். ஒருவருக்கு இசை, இன்னொருவருக்கு ஓவியம். இருவருமே கேமராவுக்கு வருமுன் வேறொரு கலையில் கையைப் பழக்கியவர்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1932 இருவருக்கும் முக்கியமான ஆண்டு. அந்த ஆண்டுதான் பிரெஸ்ஸோன் மார்செய் நகரில் லைக்கா வாங்கினார். சட்டைப்பைக்குள் அடங்கிவிடும் கேமரா, 35 எம்.எம். ஃபிலிம், ஒரு சுருளில் 36 படங்கள், ஒரே ஒரு 50 எம்.எம். லென்ஸ். அதே ஆண்டு சான்ஃபிரான்சிஸ்கோவின் டி யங் அருங்காட்சியகத்தில் ஆடம்ஸும் எட்வர்டு வெஸ்டனும் இமோஜன் கன்னிங்ஹாமும் இன்னும் சிலரும் சேர்ந்து ஒரு கண்காட்சி வைத்தார்கள். குழுவுக்கு அவர்கள் வைத்த பெயர் எஃப்/64. பெரிய கேமராக்களில் அபர்ச்சரை மிகச் சிறிதாக்கும் எண் அது. அருகில் கிடக்கும் கூழாங்கல்லும் தொலைவில் நிற்கும் மலையும் ஒருசேரத் துல்லியமாக விழ வேண்டும் என்பதே அவர்களுடைய கொள்கை.

அந்தப் பெரிய கேமரா எப்படிப்பட்டது என்று இன்றைய மாணவருக்குச் சொல்லியாக வேண்டும். முன்னால் லென்ஸ், நடுவில் துருத்தி, பின்னால் ஒரு மங்கல் கண்ணாடி. கறுப்புத் துணியைத் தலைமேல் போர்த்திக்கொண்டு அந்தக் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். காட்சி அதில் தலைகீழாக, இடவலம் மாறித் தெரியும். ஃபோகஸ் செய்து முடித்ததும் ஃபிலிம் தட்டைச் செருகி, மூடியை உருவி, ஷட்டரை இயக்க வேண்டும். ஒரு தட்டுக்கு ஒரு படம். முக்காலி இல்லாமல் எதுவும் நடக்காது.

1927 ஏப்ரல் 10 அன்று இப்படியொரு கேமராவையும் 12 கண்ணாடித் தட்டுகளையும் சுமந்துகொண்டு ஆடம்ஸ் யோசெமிட்டியின் பாறை ஒன்றின்மீது ஏறினார். எதிரே ஹாஃப் டோம் மலையின் செங்குத்தான முகம். அங்கே போய்ச் சேர்ந்தபோது கையில் மிச்சமிருந்தவை இரண்டே தட்டுகள். முதல் தட்டை வழக்கமான மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். எடுத்து முடித்ததும் அவருக்கு ஒன்று உறைத்தது. அந்த மலை தன் மனத்தில் எழுப்பிய கனத்தை இந்தப் படம் காட்டாது, வானம் வெளிறித்தான் விழும். கடைசித் தட்டுக்கு அடர் சிவப்பு ஃபில்டரைப் போட்டார். சிவப்பு ஃபில்டர் நீல ஒளியைத் தடுக்கும். அதனால் நீல வானம் ஏறக்குறையக் கறுப்பாக விழுந்தது, பாறை அதிலிருந்து எழுந்து நின்றது. ‘மோனோலித்’ என்று உலகம் அறிந்த படம் அதுதான். ஷட்டரை இயக்கும் முன்பே முடிந்துபோன படத்தை மனத்தில் பார்ப்பது என்று பிற்காலத்தில் அவர் வாழ்நாளெல்லாம் கற்பித்த பாடம் அந்தக் கடைசித் தட்டில்தான் தொடங்கியது.

பிரெஸ்ஸோன் பக்கம் வருவோம். 1932இல் பாரிஸின் சான் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பலகை வேலி. இடுக்கில் லென்ஸை நுழைத்து அவர் எடுத்த படம்தான் அவர் புகழுக்கு முத்திரை. தேங்கிய நீருக்குள் ஓர் ஏணி கிடக்கிறது. அதன்மேல் ஓடிவந்த ஒருவர் தாவிவிட்டார். குதிகால் இன்னும் நீரைத் தொடவில்லை. கீழே அவருடைய நிழலுரு, பின்னால் சுவரொட்டியில் அவரைப் போலவே தாவும் ஒரு நடனக்காரி. இந்தப் படத்தைக் காட்டித்தான் ‘கணத்தைப் பிடி’ என்கிறோம்.

அதே ஆண்டு தென்பிரான்சின் இயேர் ஊரில் எடுத்த இன்னொரு படத்தைத்தான் நான் மாணவர்களுக்கு முதலில் காட்ட விரும்புவேன். மேலிருந்து பார்க்கும் கோணம். சுழன்று இறங்கும் படிக்கட்டு, வளையும் இரும்புக் கைப்பிடி, அதற்கு அப்பால் வளையும் தெரு. எல்லா வளைவுகளும் சேர்ந்து ஒரு சிறு வெற்றிடத்தை விட்டிருக்கின்றன. அந்த இடத்தில் ஒரு சைக்கிள்காரர், வேகத்தில் கலங்கிய உருவமாக. சைக்கிளை விரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள், படம் ஏற்கனவே முக்கால்வாசி முடிந்திருக்கிறது. படிக்கட்டும் கைப்பிடியும் எங்கும் ஓடிவிடப் போவதில்லை. ஃபிரேமை முதலில் கட்டி நிறுத்திவிட்டால், கணம் வந்து சேரவேண்டியதுதான் பாக்கி.

அந்த ஃபிரேமைக் கட்டக் கற்றுக் கொடுத்தது லைக்கா அல்ல, லோத்தின் பட்டறை. லோத் கண்டிப்பான ஆசிரியர். பழைய ஓவியங்களில் கோடுகளும் பரப்புகளும் எந்த விகிதத்தில் பிரிகின்றன என்பதை மாணவர்கள் அலசிப் பழக வேண்டும். அந்த வடிவியல் கைக்கும் கண்ணுக்கும் இறங்கிய பிறகுதான் பிரெஸ்ஸோன் தெருவில் இறங்கினார். பிற்காலத்தில் பிறருடைய படங்களைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தே அவற்றின் அமைப்பை எடைபோடும் வழக்கமும் அவருக்கு இருந்தது. ஆடம்ஸின் மங்கல் கண்ணாடியில் தானாக நடந்ததை இவர் வேண்டுமென்றே செய்தார். தலைகீழாகும்போது முகமும் மரமும் மறைந்து, கறுப்பும் வெளுப்பும் எடையும் மட்டும் மிஞ்சுகின்றன.

என் வாதத்தின் மையம் இதுதான். பிரெஸ்ஸோனைப் பின்பற்றச் சொல்லும்போது, அவருடைய வாழ்க்கையின் இரண்டாம் பாதியை மட்டும் மாணவர் கையில் கொடுக்கிறோம். நிதானமாகக் கற்ற முதல் பாதியைக் கொடுப்பதில்லை. சென்னையிலோ மதுரையிலோ விஸ்காம் படிப்பில் சேரும் மாணவருக்கு லோத் போன்ற ஒருவரிடம் கோடு வரைந்து பழகும் வாய்ப்பு அநேகமாக இல்லை. அந்த நிதானத்தை அவர் கேமராவுக்குள்ளேயே தேடிக்கொள்ள வேண்டும். அதற்கு வழி வைத்திருப்பவர் ஆடம்ஸ்.

ஆடம்ஸ் பிறவி ஆசிரியரும்கூட. 1940 வாக்கில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஃபிரெட் ஆர்ச்சரோடு சேர்ந்து ஜோன் சிஸ்டம் என்ற முறையை வகுத்தார். யோசெமிட்டியில் பல ஆண்டுகள் பயிற்சி முகாம்கள் நடத்தினார். கேமரா, நெகட்டிவ், பிரின்ட் என்று மூன்று பாடநூல்கள் எழுதினார். பிரெஸ்ஸோன் அப்படி எதையும் விட்டுச் செல்லவில்லை. 1952இல் வந்த ‘தி டிசைசிவ் மொமென்ட்’ நூலின் முன்னுரை அருமையான கட்டுரை. ஆனால் அதைப் படித்து எக்ஸ்போஷர் கற்க முடியாது. நெகட்டிவைக் கழுவுவதிலும் பிரின்ட் போடுவதிலும் அவருக்கு நாட்டமே இல்லை. அந்த வேலையைப் பாரிஸில் ஒரு நல்ல ஆய்வகத்திடம் ஒப்படைத்துவிட்டார்.

ஜோன் சிஸ்டம் என்றதும் மாணவர்கள் மிரள்கிறார்கள். ஃபிலிம் காலத்துச் சமாசாரம், நமக்கெதற்கு என்கிறார்கள். உண்மையில் நம் ஊர் வெயிலுக்கு அதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை.

கேமராவின் மீட்டருக்கு எதிரே இருப்பது வேட்டியா, கருங்கல்லா என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுச்சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும், 18 விழுக்காடு ஒளியைத் திருப்பித் தரும் சாம்பல். சித்திரை வெயிலில் வெள்ளை வேட்டி கட்டி நிற்பவரை ஃபிரேம் நிறைய எடுத்தால் வேட்டி அழுக்குச் சாம்பலாக விழும். கோயில் தூணில் இருக்கும் கருங்கல் யாளியை எடுத்தால் அது வெளிறிப்போகும். முதல் பிழைக்கு மாணவர் கேமராவைத் திட்டுவார், இரண்டாவதற்கு லென்ஸை. ஆடம்ஸ் சொல்வது எளிது. முழுக் கறுப்பிலிருந்து முழு வெளுப்புவரை 0 முதல் 10 வரையிலான படிகளாகப் பிரித்துக்கொள். 5 என்பது மீட்டர் சொல்லும் நடுச்சாம்பல். ஒவ்வொரு படியும் ஒரு ஸ்டாப், அதாவது ஒளி இரு மடங்கு. நீ பார்க்கும் பொருள் எந்தப் படியில் விழ வேண்டும் என்பதை நீ முடிவு செய். நெசவு தெரியும் வெள்ளை வேட்டி 7ஆம் படி, ஆகவே மீட்டர் சொன்னதைவிட இரண்டு ஸ்டாப் கூட்டு. செதுக்கிய வரிகள் தெரியும் கருங்கல் 3ஆம் படி, இரண்டு ஸ்டாப் குறை. இன்றைய எந்தக் கேமராவிலும் இதற்கென்று பிளஸ்-மைனஸ் பொத்தான் இருக்கிறது. போனில் திரையைத் தொட்டுச் சூரியக் குறியை மேலே கீழே இழுத்தால் அதே வேலைதான். ஃபிலிமில் நிழலைக் காப்பாற்றினார்கள். டிஜிட்டலில் வெளிச்சத்தைக் காப்பாற்ற வேண்டும், வெளுத்துப்போன வேட்டியை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. இந்த ஒரு மாற்றத்தைத் தவிர மற்றதெல்லாம் அப்படியே பொருந்தும்.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது மனித முகம். ஆடம்ஸின் அட்டவணையில் வெள்ளையர் தோலுக்கு 6ஆம் படி, கறுத்த தோலுக்கு 5ஆம் படி. அவர் வாழ்ந்த ஊருக்கு அவர் போட்ட கணக்கு அது. நம் முகங்களுக்கு நாம்தான் கணக்குப் போட வேண்டும். பல போன்கள் முகத்தைக் கண்டதும் தாமாகவே வெளுக்க வைக்கின்றன, திருமண ஆல்பங்களிலும் அதே கதை. வெயிலில் உழைத்த ஒரு விவசாயியின் கன்னத்தை 4ஆம் படியில் வைத்தால், நெற்றி மேட்டில் விழும் ஒளி 6 வரை ஏறி, அந்த முகம் தன் நிறத்திலேயே சுடர்விடும். ஒரு மாணவர் இதை ஒருமுறை தன் அப்பாவின் முகத்தில் செய்து பார்த்துவிட்டால், தோலை வெளுப்பதை அழகு என்று நினைக்கவே மாட்டார். தெருவில் ஆயிரம் கிளிக் அடித்தாலும் இந்தப் பாடம் வராது. நிறுத்தி, அளந்து, முடிவெடுத்தால்தான் வரும்.

வேகத்துக்கும் இந்த அறிவு உதவுகிறது என்பதற்கு ஆடம்ஸின் மிகப் புகழ்பெற்ற படமே சாட்சி. 1941 நவம்பரில் நியூ மெக்சிகோவில் காரில் போய்க்கொண்டிருந்தார். ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின் கல்லறைச் சிலுவைகள்மீது மாலையின் கடைசி வெயில், அவற்றின் மேலே வானத்தில் நிலவு. வண்டியை நிறுத்தி, 8×10 அங்குலக் கேமராவை அவசர அவசரமாக நிறுவினார். மீட்டரைத் தேடினால் கிடைக்கவில்லை. ஆனால் நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு மனப்பாடம். அதை 7ஆம் படியில் வைத்து மனத்துக்குள் கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது படத்துக்குத் தட்டைத் திருப்பிச் செருகுவதற்குள் சிலுவைகள்மீது இருந்த வெயில் போய்விட்டது. மெதுவான கேமரா என்று நாம் ஒதுக்கும் கருவியில் பிடிக்கப்பட்ட கணம் அது. கையில் மீட்டர் இல்லாத அந்த நேரத்தில் அவருக்குக் கை கொடுத்தது அத்தனை காலமும் நிதானமாகப் படித்த பாடம்தான்.

இதற்கு எதிராக இன்றைய பழக்கத்தை வைத்துப் பாருங்கள். கணத்தைப் பிடி என்று சொல்லி அனுப்பப்பட்ட மாணவர் கேமராவை பர்ஸ்ட்டில் போட்டு அழுத்துகிறார். வினாடிக்கு 10 படம் எடுக்கும் கேமராவிலும் இரண்டு படங்களுக்கு நடுவே பத்தில் ஒரு வினாடி இருக்கிறது. சான் லசார் மனிதரின் குதிகால் நீரைத் தொட அதுவே போதும். வீடு திரும்பி நூற்றுக்கணக்கான படங்களை நகர்த்திப் பார்ப்பவர், எது நன்றாக இருக்கிறது என்று தேடுகிறாரே தவிர, ஏன் நன்றாக இருக்கிறது என்று கேட்க அவருக்கு நேரம் இருப்பதில்லை.

கருவிக்கு வருகிறேன். இங்கே இருவரும் எதிரெதிர் என்று தோன்றும். ஒருவர் கழுதைமேல் ஏற்றும் அளவுக்குக் கருவி வைத்திருந்தவர், இன்னொருவர் சட்டைப்பையோடு போனவர். மாணவர் பார்க்க வேண்டியது எடையை அல்ல. இரண்டு பேருமே தங்கள் கருவியின் கோணத்தைக் கண்ணிலேயே சுமந்தவர்கள். கேமராவை எடுக்கும் முன்பே ஃபிரேமின் விளிம்பு எங்கே வரும் என்று அறிந்தவர்கள். பிரெஸ்ஸோன் எப்போதாவது 35ஐயும் 90ஐயும் மாட்டியதுண்டு, ஆனால் அவருடைய பார்வை 50தான்.

அப்படியானால் 50 எம்.எம். வாங்கச் சொல்வது சரிதானே என்று கேட்கலாம். கணக்கைப் பாருங்கள். பிரெஸ்ஸோனின் 50, 36×24 மி.மீ. ஃபிலிமில் சுமார் 46 பாகைக் கோணத்தைப் பார்த்தது. மாணவர்கள் வைத்திருக்கும் பெரும்பாலான கேமராக்களின் சென்சார் அதைவிடச் சிறியது, ஏ.பி.எஸ்.-சி அளவு. அதில் அதே 50ஐ மாட்டினால் கோணம் 31 பாகை அளவுக்குச் சுருங்கி, 75 அல்லது 80 எம்.எம். லென்ஸ் போல வேலை செய்யும். தெருவில் படிக்கட்டும் சுவரும் மனிதரும் ஒன்றாக விழ வேண்டிய இடத்தில் ஒரு முகம் மட்டும் விழும். பிரெஸ்ஸோனின் கோணம் வேண்டுமென்றால், பெட்டியோடு வந்த 18-55 கிட் லென்ஸை 33க்குத் திருப்பி, வளையத்தின்மேல் ஒரு டேப் ஒட்டினால் போதும். காசே இல்லாமல் பிரைம் லென்ஸ் தயார்.

எஃப்/1.8 அபர்ச்சர் கிடைக்குமே என்பது அடுத்த வாதம். கிட் லென்ஸின் எஃப்/5.6ஐவிட ஏறக்குறைய பத்து மடங்கு ஒளி உள்ளே வரும், மறுக்கவில்லை. கல்யாண மண்டபத்தின் மங்கிய வெளிச்சத்தில் அது பெரிய உதவி. கற்கும் காலத்தில்தான் அது கெடுதல் செய்கிறது. பின்னணி குழப்பமாக இருந்தால் 1.8க்குத் திறந்து மங்க வைத்துவிடலாம் என்றாகிவிடுகிறது. அப்படிப் பழகிய மாணவர் இரண்டு அடி நகர்ந்து நிற்கக் கற்பதில்லை. சான் லசார் படத்தின் சுவரொட்டி மங்கியிருந்தால் அந்தப் படம் என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எஃப்/64காரர்களின் பிடிவாதம் இங்கேதான் மாணவருக்குப் பயன்படுகிறது. எல்லாம் துல்லியமாகத் தெரியப் போகிறது என்றால், ஃபிரேமுக்குள் இருக்கும் ஒவ்வொரு மின்கம்பத்துக்கும் நீங்கள்தான் பொறுப்பு. கிட் லென்ஸை எஃப்/8இல் வைத்து அந்தப் பொறுப்பை ஏற்றுப் பழகுங்கள்.

பணம் இருந்தால் முதலில் வாங்க வேண்டியது முக்காலி. அதற்கும் முன்னால் ஓர் அட்டை. வெட்டிய அட்டை வழியாகக் காட்சியைப் பார்க்கும்படி ஆடம்ஸ் தன் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. பழைய அட்டைப்பெட்டியில் 9 செ.மீ. × 6 செ.மீ. அளவில் ஒரு சன்னல் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணிலிருந்து பன்னிரண்டரை செ.மீ. தொலைவில் அட்டையைப் பிடித்தால் தெரிவது பிரெஸ்ஸோனின் 50 எம்.எம். பார்வை. 6 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் போனின் முதன்மைக் கேமரா காட்டும் அகலம். 25 செ.மீ.க்குத் தள்ளினால் 100 எம்.எம். கையை முழுதாக நீட்டினால் 200ஐத் தாண்டிய டெலி. லென்ஸ் வாங்கும் முன் எல்லா லென்ஸ்களையும் இப்படிப் பழகிக்கொள்ளலாம். ஓர் இடத்தில் எந்தக் கோணம் உங்களை இழுக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

அட்டையோடு மாமல்லபுரத்துக்குப் போகலாம். நினைவுச்சின்ன வளாகங்களில் முக்காலிக்கு முன்அனுமதி வேண்டும், எனவே கையிலேயே எடுக்கும்படி ஆகும். பரவாயில்லை. அர்ச்சுனன் தபசுப் பாறை கிழக்கு நோக்கியது. காலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும்போது சிற்பங்கள் தட்டையாகத் தெரியும். வெயில் ஏற ஏற ஒளி மேலிருந்து சாய்ந்து விழ, யானையின் துதிக்கையும் தவசியின் விலா எலும்பும் பாறையிலிருந்து எழும்பி வரும். பிற்பகலில் எல்லாம் நிழலுக்குள் போய்விடும். நின்ற இடத்திலிருந்து நகராமல், ஒரே ஃபிரேமில் இந்த மூன்று வேளையையும் எடுங்கள். கம்போசிஷன் என்பது கோடுகளின் ஏற்பாடு மட்டுமல்ல, ஒளி வந்து அந்தக் கோடுகளை எழுப்பும் நேரமும் அதில் சேர்த்தி என்பதைக் கல்லே சொல்லிக் கொடுக்கும். சிற்பம் உங்களைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளாது, அவசரப்படுத்தாது. கற்பவருக்கு அதைவிடப் பொறுமையான மாடல் கிடையாது.

ஆடம்ஸிடம் குறை இல்லாமல் இல்லை. உலகம் சிதறிக்கொண்டிருக்கும்போது ஆடம்ஸ் போன்றவர்கள் பாறைகளைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்களே என்று பிரெஸ்ஸோன் அலுத்துக்கொண்டதாகப் பரவலாகச் சொல்வார்கள். ஆடம்ஸ் மனிதர்களையே பார்க்காதவர் அல்லர். இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானிய வழி அமெரிக்கர்களை அடைத்துவைத்த மான்சனார் முகாமுக்கு 1943இல் போய் அவர்களைப் படம் எடுத்து, அடுத்த ஆண்டே புத்தகமாகவும் கொண்டுவந்தார். ஆனாலும் அந்த அலுப்பில் நியாயம் இருக்கிறது. ஆடம்ஸோடு நின்றுவிடுகிறவர்கள் கூர்மையான, வெறுமையான படங்களில் தேங்கிவிடுவதைப் பார்க்கிறோம். மனிதர்கள் நடுவே எப்படி நிற்பது, எப்போது கேமராவை இறக்குவது, எந்தத் தொலைவு மரியாதையானது என்பதெல்லாம் பிரெஸ்ஸோனிடம்தான் கற்க வேண்டும்.

அவர் நம் மண்ணுக்கே வந்தவர். 1948 ஜனவரியில் காந்தியைச் சந்தித்துவிட்டு வெளியேறிய சிறிது நேரத்தில் காந்தி சுடப்பட்டார், அடுத்த நாள் இறுதி ஊர்வலத்தை உலகுக்குக் காட்டியவை பிரெஸ்ஸோனின் படங்கள். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷியை அவருடைய கடைசி நாள்களில் படம் எடுத்தார். ஏப்ரல் 14 இரவு 8.47க்கு ரமணர் மறைந்தபோது வானில் ஒளிக்கோடு ஒன்று ஓடியதைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டவர்களில் அவரும் ஒருவர். அதே மாதத்தில் புதுச்சேரி சென்று அரவிந்தரை எடுத்தார். பல பத்தாண்டுகளாக யாரும் படமெடுக்க அனுமதிக்கப்படாதவர் அரவிந்தர். நாற்காலியில் அசையாமல் அமர்ந்திருந்த முதியவர் முன்னால் ஓடிப் பிடிக்க எந்தக் கணமும் இல்லை. பிரெஸ்ஸோன் அங்கே செய்தது ஆடம்ஸ் பாறைக்கு முன்னால் செய்ததுதான்: ஒளியைப் பார்த்து, ஃபிரேமைக் கட்டி, காத்திருந்தார்.

மறுபக்கம், 1937இல் அரிசோனாவின் கேன்யன் டி ஷெல்லியில் ஆடம்ஸ் எடுத்த ஒரு படம். ஓவியர் ஜார்ஜியா ஓ’கீஃப் தொப்பிக்கு அடியிலிருந்து வழிகாட்டி ஆர்வில் காக்ஸைக் கடைக்கண்ணால் பார்த்துச் சிரிக்கிறார், பின்னால் மேகம். கையில் இருந்தது சிறிய கான்டாக்ஸ் 35 எம்.எம். கேமரா. யார் எடுத்தது என்று சொல்லாமல் காட்டினால், பிரெஸ்ஸோன் என்றே பலர் சொல்வார்கள். நிதானம் பழகியவருக்கு வேகம் தானே வந்து சேர்கிறது. வேகத்தில் தொடங்கியவர்கள் நிதானத்துக்குத் திரும்பியதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

படம் எடுத்த பிறகு என்ன செய்வது என்பதில் இருவரும் ஒத்துப்போகவே மாட்டார்கள். பிரெஸ்ஸோனுக்குப் படத்தை வெட்டுவது பிடிக்காது. வேலி விளிம்பு மறைத்ததால் சான் லசார் படத்தை வெட்ட நேர்ந்தது, அது அபூர்வமான விதிவிலக்கு. ஆடம்ஸோ ஹெர்னாண்டஸ் நெகட்டிவிலிருந்து ஆயிரத்துக்கும் மேல் பிரின்ட் போட்டார். 1948இல் அதன் கீழ்ப்பகுதியை ரசாயனத்தால் அடர்த்தியாக்கினார். ஆண்டுகள் போகப்போக வானத்தைக் கறுப்பாக்கிக்கொண்டே வந்தார். இந்த ஒரு விஷயத்தில் கற்பவருக்கு நான் பிரெஸ்ஸோனின் கட்டுப்பாட்டையே சொல்வேன். முதல் ஆறு மாதம் வெட்டாதீர்கள், ஃபில்டர் போடாதீர்கள். விளிம்பில் புகுந்த தேவையற்ற கையை மென்பொருளில் நீக்கிவிட்டால், அடுத்த முறையும் அந்தக் கை புகும்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். முதல் பருவத்திலேயே பிரைம் லென்ஸ் வாங்கி வரும்படி மாணவர்களை அனுப்பாதீர்கள், குலசேகரன்பட்டினம் தசராக் கூட்டத்தில் கொண்டுபோய் இறக்கியும் விடாதீர்கள். வேடமிட்டு விரதம் இருந்து வரும் பக்தரின் முகத்துக்கு அரை அடி தூரத்தில் கேமராவை நீட்ட அவர்கள் இன்னும் தகுதி பெறவில்லை. துறையில் இருக்கும் முக்காலிகளை அலமாரியிலிருந்து வெளியே எடுங்கள். ஒரு அட்டை, கையில் இருக்கும் போன் அல்லது கிட் லென்ஸ், ஒரு வேளைக்குப் பன்னிரண்டே படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஏன் எடுத்தோம் என்று ஒரு வரி. இதை ஒரு பருவம் முழுக்கச் செய்யட்டும். இரண்டாம் பருவத்தில் முக்காலியை வாங்கி வைத்துக்கொண்டு தெருவுக்கு அனுப்புங்கள்.